சிவப்பு அட்டை தொங்கிய ரூட்டர்

மிக்சி ஜாரைக் கழுவ எவ்வளவு நேரம் ஆகும்? இரண்டு நிமிஷம். அந்த இரண்டு நிமிஷத்துக்கும் எங்கள் பக்கத்து வீட்டு அக்கா பிளக்கைப் பிடுங்கி, சுவிட்சில் ஒரு சிவப்பு அட்டையை நூல் போட்டுக் கட்டிவிட்டுத்தான் ஜாரில் கை வைப்பார். அட்டையில் அவரே குண்டு குண்டாக எழுதியிருப்பார்: "ஆள் வேலையில் இருக்கிறார். தொடாதே." கீழே கையெழுத்து, நேரம். அந்தச் சமையலறையில் அவரைத் தவிர வேறு ஆளே இருக்காது என்பது வேறு விஷயம்.

கல்யாணமாகி நெய்வேலி குவார்ட்டர்ஸுக்கு நான் வந்த புதிதில் இதைப் பார்த்துவிட்டு, ராத்திரி சாப்பிடும்போது என் வீட்டுக்காரரிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அவர் மைன்ஸ்காரர், நிலக்கரிச் சுரங்கத்தில் வேலை. அக்கா அனல்மின் நிலையத்தில் பர்மிட் கொடுக்கும் இடத்தில் வேலை பார்க்கிறார் என்றும், ஒரு மோட்டாரையோ லைனையோ பிரிக்க வேண்டுமென்றால் முதலில் அவரிடம் போய்ச் சொல்லி, கரண்டை நிறுத்தி, அட்டை மாட்டி, சீட்டு வாங்கிய பிறகுதான் ஆள் உள்ளே போக முடியும் என்றும் விளக்கினார். மாட்டியவர்தான் அட்டையைக் கழற்ற வேண்டும். மேலதிகாரியே வந்து நின்றாலும் வேறு கை படக்கூடாது. அது பிளான்ட்டில் சரி, சட்னி அரைக்கிற இடத்தில் எதற்கு என்று கேட்டேன். மோர் ஊற்றச் சொன்னார்.

நான் தென்காசிப் பக்கத்துக்காரி. எங்கள் ஊரில் ஃபேன் சுற்றவில்லை என்றால் குச்சியால் ஒரு தட்டு தட்டுவோம். சுற்றினால் சந்தோஷம், சுற்றாவிட்டால் விசிறி. அப்படி வளர்ந்தவளுக்கு இந்த அக்காவைப் பார்த்தால் எப்படி இருக்கும்!

காலண்டர் அட்டை, ஸ்வீட் பெட்டி, கல்யாணப் பத்திரிகை எது கையில் கிடைத்தாலும் வெட்டி, சிவப்புப் பெயின்ட் அடித்து, ஓட்டை போட்டு வைத்துக்கொள்வார். பள்ளிக்கூடத்து ஆபீஸில் வேலை பார்த்த அவர் கணவர் மத்தியானம் கண் அசந்தால் கதவுக் கொண்டியில் ஒரு அட்டை தொங்கும். காடாம்புலியூரில் இருக்கும் அவர் அம்மா வீட்டிலிருந்து பலாப்பழம் வந்தால் பழுக்கிற வரைக்கும் சாக்கு மேல் ஒரு அட்டை. அந்தப் பலாவைத் தாண்டிப் போகிற பிள்ளைகள்கூட மோந்து பார்க்குமே தவிர விரல் வைக்காது. சுரங்கத்துக்கும் பவர் பிளான்ட்டுக்கும் நடுவில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள். மற்ற ஊர்ப் பிள்ளைகள் சாமி படத்தை மிதிக்கப் பயப்படுகிற மாதிரி இதுகள் சிவப்பு அட்டைக்குப் பயப்படும்.

இன்னொரு பழக்கம், எண்ணுவது. திருவதிகைக் கோவிலுக்கு ஒருதரம் வேன் பிடித்துப் பதினோரு பேர் போனோம். இறங்கியதும் எண்ணினார். கும்பிட்டு முடித்து எண்ணினார். திரும்பும்போது பண்ருட்டியில் டீ குடிக்க நிறுத்திய இடத்திலும் எண்ணினார். "உள்ள போனது எத்தினி பேரோ அத்தினி பேரும் வெளிய வரணும்" என்பார். டீக்கடைக்குள் போய் யார் காணாமல் போவார்கள் என்று நான் கேட்டதற்கு, இன்னொரு முறை என்னை மட்டும் தனியாக எண்ணினார்.

ஆனால் அந்த ஜெனரேட்டர் விவகாரம்தான் பிளாக் முழுக்கப் பேசப்பட்டது. எங்கள் வரிசையில் ஒரு வீட்டுப் பெண்ணுக்குக் கல்யாணம். விடிகாலை முகூர்த்தம், அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போய்விட்டது. ஜெனரேட்டரைப் போடு, போடு என்று ஆளாளுக்கு ஓடினார்கள். சீரியல் பல்பு கட்டுகிறவர் வாசலில் ஏணி மேல் நின்றுகொண்டு, கரண்ட் போனதே வசதி என்று ஒயரைப் பல்லால் கடித்துச் சீவிக்கொண்டிருந்ததை அக்கா ஒருத்தர்தான் பார்த்தார். கத்தினால் மேளச் சத்தத்தில் யார் காதில் விழும்? பட்டுப் புடவையோடு நேரே போய் ஜெனரேட்டர் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார். பெண்ணின் அப்பா கெஞ்சினார், அதட்டினார், கடைசியில் கையெடுத்தே கும்பிட்டுவிட்டார். ஏணியிலிருந்து அந்த ஆள் இறங்கி, அக்கா முன்னால் வந்து இரண்டு கையையும் காட்டிய பிறகுதான் எழுந்தார். தாலி கட்டியது இருட்டில். ஆல்பத்தில் அந்தப் படம் மட்டும் யார் கழுத்தில் யார் கட்டுகிறார் என்றே தெரியாது. பெண்ணின் அம்மா ஒரு வருஷம் அக்காவோடு பேசவில்லை.

இப்படி ஒருத்தர் இருந்தால் ஊர் சும்மா இருக்குமா? ஏதோ ஒரு பெரிய விபத்தைக் கண்ணால் பார்த்தவர் என்று ஆளுக்கொரு கதை வைத்திருந்தார்கள். கூடப் பிறந்த அண்ணன் கரண்டில் போய்விட்டார் என்றது ஒரு வீடு. வேலைக்குச் சேர்ந்த மாசமே இவர் கொடுத்த பர்மிட்டில் ஒரு ஹெல்பர் கருகிவிட்டார் என்றது இன்னொரு வீடு. எனக்கு மண்டை வெடித்தது. ஒரு சாயங்காலம் வாக்கிங் போகும்போது, அழுதால் துடைக்கக் கைக்குட்டை சகிதமாக, மெதுவாகக் கேட்டுவிட்டேன்.

அக்கா நின்று என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்னா நடந்துச்சா? ஒண்ணும் நடக்கல. இருவத்தாறு வருசமா நான் சீட்டு குடுத்துக்கினு இருக்கேன். உள்ள போன ஒருத்தருக்கு ஒரு கீறல் கெடையாது. ஏதாச்சும் நடந்தாத்தான் பயப்படணுமாம்மா?"

அண்ணன் கடலூரில் நன்றாகத்தான் இருக்கிறாராம். சர்க்கரை மட்டும் கொஞ்சம் ஏற்றமாம். உண்மையைச் சொன்னால் எனக்குச் சப்பென்று போய்விட்டது. இவ்வளவு கெடுபிடிக்கும் பின்னால் ஒரு கண்ணீர்க் கதைகூட இல்லையா என்று கைக்குட்டையை மடித்து வைத்துக்கொண்டேன். இதைச் சொல்ல இன்றைக்கு வெட்கமாக இருக்கிறது.

இனி ரூட்டர் கதைக்கு வருகிறேன். நான் சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை பார்த்துவந்தேன். இன்டர்நெட் கொடுத்தவர்கள் கூடவே ஒரு ரூட்டரையும் கொடுத்திருந்தார்கள். அதற்கு எதிரில் உட்கார்ந்தால் நெட் வரும், அடுத்த நாற்காலிக்கு மாறினால் போய்விடும். மீட்டிங்கில் என் முகம் வாயைத் திறந்தபடி அப்படியே நின்றுவிடும். அந்தக் கோலத்தைப் படம் பிடித்துக் குரூப்பில் போட்டுச் சிரித்தார்கள். பிறகு சிரிப்பு நின்றது. நெட் ஒழுங்காக இல்லாதவர்கள் ஆபீஸுக்கு வந்துவிட வேண்டும், முடியாதவர்கள் வேறு வேலை பார்த்துக்கொள்ளலாம் என்று மெயில் வந்தது. இவருக்கு மைன்ஸில் ஷிப்ட், மகளுக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை. நான் சென்னைக்குப் போவது நடக்காத காரியம். வெள்ளிக்கிழமை காலை வீடியோ காலில் மேனேஜரே நெட்டைச் சோதிப்பதாக ஏற்பாடு. அதில் தேறினால் வேலை இருக்கும்.

நெட் கம்பெனிக்குப் போன் மேல் போன் போட்டேன். ரூட்டரை அணைத்துப் போடச் சொன்னார்கள். அணைத்துப் போட்டு அணைத்துப் போட்டு என் விரல் தேய்ந்ததுதான் மிச்சம். போதுமடா சாமி என்று நானே நல்லதாக ஒரு ரூட்டர் வாங்கிவிட்டேன். அதில் போட வேண்டிய யூசர் நேமும் பாஸ்வேர்டும் கம்பெனி ஆள்தான் தர வேண்டும். வியாழக்கிழமை வருகிறேன் என்றார்.

அந்த வியாழக்கிழமை காலை அக்காவுக்கு வீட்டில் இருக்கிற நேரம், மத்தியானம் ரெண்டு மணிக்குத்தான் ஷிப்ட். புது ரூட்டரைப் பார்க்க வந்தவர் ரூட்டரை விட்டுவிட்டு, பழையது ஓடிக்கொண்டிருந்த பிளக் பாயின்ட்டைப் பார்த்தார். ஓரமெல்லாம் கருகியிருந்தது. கை வைத்துப் பார்த்தால் சுட்டது. அவ்வளவுதான். நடைவழியில் இருக்கும் போர்டுக்குப் போய் ஹாலுக்கும் முன்னறைக்கும் போகிற ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கித் தன் கைப்பையில் போட்டுக்கொண்டார். அந்தக் காலி இடத்தில் ஒரு சிவப்பு அட்டை, பிளக் பாயின்ட்டில் ஒரு சிவப்பு அட்டை. புது பாயின்ட் வாங்கிவந்து நாளைக்குக் காலையில் எட்டு மணிக்குள் தானே மாட்டித் தருவதாகச் சொன்னார். பத்து மணிக்குத்தானே வீடியோ கால், நேரம் இருக்கிறது என்று நானும் தலையாட்டினேன். அவர் மொபெட்டில் ஷிப்டுக்குக் கிளம்பிப் போய்விட்டார்.

மூன்று மணிக்கு மேனேஜரிடமிருந்து மெசேஜ். நாளைக்கு அவருக்கு வேறு வேலையாம். சோதனை இன்றைக்கே, ஐந்து மணிக்கு.

அக்காவின் கன்ட்ரோல் ரூமுக்குள் செல்போன் கொண்டுபோகக் கூடாது. அங்கே இருக்கும் லேண்ட்லைனுக்கு அடித்து, ஆள் மாற்றி ஆள் பேசி அக்காவைப் பிடித்தேன். விஷயத்தைச் சொல்லி, அட்டையை நானே எடுத்துவிடட்டுமா, ஒரு அரை மணி நேரந்தான் என்று கேட்டேன்.

"போன்ல எடுக்கச் சொல்லக் கூடாதும்மா. நான் வர்றேன். தொடாத" என்று வைத்துவிட்டார்.

ஷிப்டின் நடுவில் அவர் ஒரு நாளும் பர்மிஷன் போட்டதில்லை. அவருக்குக் காய்ச்சல் வந்தபோதுகூட ஷிப்ட் முடித்துத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனார். வருகிறேன் என்பதெல்லாம் வாய்வார்த்தை என்றுதான் நினைத்தேன்.

நான்கு மணிக்கு நெட் கம்பெனி ஆள் வந்தார். முத்தாண்டிக்குப்பத்துக்காரர். பை நிறைய ஒயரோடு சுறுசுறுப்பாக உள்ளே வந்தவர், பிளக் பாயின்ட்டில் தொங்கிய அட்டையைப் பார்த்ததும் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார். ஒன்றும் ஆகாது, எடுத்துவிட்டு மாட்டுங்கள் என்றேன். மூன்று வருஷம் பிளான்ட்டில் கான்ட்ராக்ட் வேலை பார்த்தவராம்.

"அட்ட தொங்குதுங்க. மாட்னவங்க வந்து எடுக்கட்டும்ங்க" என்று தன்மையாகச் சொன்னார். யூசர் நேம், பாஸ்வேர்டை ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு, வாசல்படி வரை அட்டைக்கு முதுகைக் காட்டாமலே போனார்.

எனக்கு வந்த ஆத்திரம்! என் வீடு, என் ரூட்டர், என் வேலை. நடுவில் ஒரு ஸ்வீட் பெட்டி அட்டை. ஊரே சேர்ந்து ஒரு அட்டைக்குக் கும்பிடு போடுகிறது, நான் மட்டும் வேலை போய்த் தெருவில் நிற்க வேண்டுமா? மகள் டியூஷனுக்குப் போயிருந்தாள். காலை ஷிப்ட் முடிந்து வந்த இவர் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருப்பார், எழுப்பினால் இவரும் கையைக் கட்டிக்கொள்வார் என்று எழுப்பவில்லை.

நாலே முக்கால் ஆயிற்று. அக்காவைக் காணோம். போர்டுக்குப் போனேன். முடிச்சு அப்படி இறுகிக் கிடந்தது, பல்லால் கடித்துத்தான் அவிழ்த்தேன். அட்டையை இடுப்பில் செருகிக்கொண்டேன். ஹால் ஃபியூஸ் கட்டை அக்காவின் பைக்குள் இருக்கிறதே, அதனால் என்ன? பின்பக்கத்து ரூமுக்கும் சமையல்கட்டுக்கும் போகிற கட்டையைப் பிடுங்கினேன். வெள்ளைப் பீங்கான் கட்டை, கனமாக இருந்தது. அதைத் தூக்கி ஹால் இடத்துக்கு நேராகப் பிடித்தேன். அழுத்த வேண்டியதுதான் பாக்கி.

அப்போது முன்னறையில் என்னவோ கீழே விழுந்து உருண்டது. திருகாணி மாதிரி ஒரு சத்தம். கட்டையைப் பிடித்தபடியே ஹால் வழியாக எட்டிப் பார்த்தேன். திரைச்சீலைக்குக் கீழே ஒரு ஸ்டூல் தெரிந்தது. ஸ்டூல் மேல் இரண்டு கால்கள்.

என் வீட்டுக்காரரின் கால்கள். படுக்கத்தான் போயிருக்கிறார் மனுஷன். நடைவழியில் அட்டையைப் பார்த்ததும், அடடா, ஹால் லைன் ஆஃபில் இருக்கிறது, அக்கா கட்டிய அட்டை, கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம் என்று, ஆறு மாசமாக நான் நச்சரித்துக்கொண்டிருந்த முன்னறை ஃபேனைக் கழற்ற ஏறிவிட்டார். ஒயர் இரண்டையும் வெறும் விரலால் பிரித்துப் பிடித்திருந்தார். திரையை நான் விலக்கியதும், ஒயரை விடாமலே, "அந்த ஸ்க்ரூவ எடுத்துக் குடு" என்றார் என்னைப் பார்த்து.

நான் எடுத்துக் கொடுத்தேன். எப்படி நடந்து போனேன், எப்படிக் குனிந்தேன், எதுவும் ஞாபகம் இல்லை. திரும்பி வந்து கட்டையை அதன் பழைய இடத்திலேயே செருகினேன். மறுபடி அட்டையைக் கட்டினேன். ஏதோ ஒரு முடிச்சு போட்டேன்.

கட்டி முடிக்கவும் வாசலில் மொபெட் சத்தம் கேட்கவும் சரியாக இருந்தது. அக்கா வந்தேவிட்டார். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல், வேர்க்க விறுவிறுக்க நேரே போர்டுக்குப் போனார். அட்டையைப் பார்த்தார். நூலைப் பார்த்தார். நான் போட்டிருந்தது பள்ளிக்கூடப் பிள்ளைகளின் ஷூவுக்குப் போடுகிற பூ முடிச்சு. ஒரே இழுப்பில் கையோடு வந்துவிட்டது. அதைக் கையில் வைத்துக்கொண்டு திரும்பினார்.

"யாருக்கும் ஒண்ணும் ஆவலியே?"

அந்தக் குரலை அதற்கு முன்னால் நான் கேட்டதில்லை. "அவர் ஃபேன் ஒயரைப் பிடிச்சுகிட்டு நின்னாருக்கா. நான் கட்டையை அந்த எடத்துக்கு நேரா கொண்டுபோயிட்டேன். அழுத்தல" என்றேன்.

"அழுத்தல இல்ல?"

"இல்லக்கா."

முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். என் அம்மாகூட என்னை அப்படி அடித்ததில்லை. அடித்த கையாலேயே என்னை இழுத்து அணைத்துக்கொண்டார். ஹெல்மெட் என் நெற்றியில் இடித்தது. சத்தம் கேட்டு இறங்கி வந்த இவருக்கும் டோஸ் விழுந்தது. இன்னொருத்தர் மாட்டிய அட்டையை நம்பி ஏறலாமா, உன் அட்டை எங்கே தம்பி என்று அக்கா கேட்ட கேள்விக்கு, இத்தனை வருஷம் மைன்ஸில் இருக்கிறவர் ஸ்க்ரூ டிரைவரை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டார். பிறகு அக்கா தன்னையும் சேர்த்து மூன்று பேரையும் ஹாலில் நிற்க வைத்து விரல் விட்டு எண்ணினார். ஒன்று, இரண்டு, மூன்று. இரண்டாவது தடவையும் எண்ணினார். இந்தத் தடவை நான் கேலி செய்யவில்லை.

ஒரு சொம்புத் தண்ணீரை மடமடவென்று குடித்துவிட்டு, "எத்தினி மணிக்கு உனக்கு?" என்றார். ஐந்துக்கு இன்னும் ஐந்து நிமிஷம் இருந்தது.

"பின்னாடி ரூம்ல கரண்ட் இருக்குதில்ல? ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ இழுத்துக்கினு வந்தா ஆவாதா? இதுக்கு எதுக்கும்மா அட்டையில கை வெச்ச?"

ஆகும்தான். எனக்குத் தோன்றவில்லை, நெட்காரருக்கும் தோன்றவில்லை. சிவப்பைப் பார்த்ததும் அவருக்குப் பயத்தில் புத்தி நின்றுவிட்டது, எனக்குக் கோபத்தில். இவர் ஓடிப்போய் எக்ஸ்டென்ஷன் பாக்ஸைக் கொண்டுவந்தார். அக்கா ஒயரைக் கால் தடுக்காமல் சுவரோரமாக விட்டு, புது ரூட்டரை அலமாரி மேல் வைத்து, கேபிளைச் செருகினார். துண்டுத் தாளைப் பார்த்து நான் யூசர் நேமையும் பாஸ்வேர்டையும் அடித்தேன். மூன்று தடவை தப்பாக அடித்து நான்காவதில் பச்சை விளக்கு வந்தது. அக்கா எதிரில் நாற்காலி போட்டு, ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

சரியாக ஐந்துக்கு வீடியோ கால் வந்தது. மேனேஜர் என்னைப் பேசச் சொன்னார். வேறு நாற்காலிக்குப் போகச் சொன்னார், போனேன். சமையல்கட்டுக்குப் போகச் சொன்னார், போனேன். அக்காவும் இவரும் ஆளுக்கொரு பக்கம் என் பின்னாலேயே வந்தார்கள். எங்கேயும் படம் நிற்கவில்லை. மேனேஜர் ஏதோ குறித்துக்கொண்டார். பிறகு ஸ்கிரீனுக்குக் கிட்டத்தில் முகத்தைக் கொண்டுவந்து பார்த்தார்.

"இப்ப ரொம்பத் தெளிவா தெரியுதும்மா. நீங்க அங்கயே இருந்து வேலை பாருங்க. ஆமா, ஏன் அழுதுகிட்டிருக்கீங்க?"